காத்திருப்போருக்கு ஓர் ஆசனம்

ராஜதானி என்று பெயர் பெற்ற ஊருக்கு ஜனங்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களை உத்தேசித்தே வந்து சேருகிறார்கள்: அதிகாரத்தில் இருப்பவரிடம் ஏதேனும் கேட்பது ஒன்று, கேட்டதற்கு விடை வரும்வரை காத்திருப்பது மற்றொன்று. முதற் காரியம் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். இரண்டாவதுதான் நாட்களையும், சில சமயம் மாதங்களையும் விழுங்கும். ஆகவே தில்லியின் சரித்திரத்தைச் சிம்மாசனத்தில் அமர்ந்தவர்களின் வரிசையாக எழுதுவதோடு நின்றுவிடாமல், அந்தச் சிம்மாசனத்துக்கு எதிரே காத்திருந்தவர்களுக்கு உட்கார என்ன கொடுக்கப்பட்டது என்பதையும் எழுதிப் பார்த்தால், அரசாட்சியின் இயல்பு வேறொரு பக்கத்திலிருந்து தெளிவாகும். வரவேற்பறைக்கு நாற்காலி வாங்குவது ஒரு குமாஸ்தா கவனித்துக்கொள்ள வேண்டிய அற்ப விஷயம் என்று இன்று நாம் நினைக்கிறோம். இந்த நகரத்தில் அது நெடுங்காலம் ராஜாங்க விஷயமாகவே இருந்தது.

1639-ல் அஸ்திவாரம் இடப்பட்டு 1648-ல் நிறைவுபெற்ற செங்கோட்டைக்குள் இன்றும் நாம் நுழைந்து, நௌபத்கானா என்னும் வாத்திய மண்டபத்தைக் கடந்து, திவானி ஆம் என்ற பொது தர்பார் மண்டபத்தின் எதிரே போய் நின்றால், அந்தக் கட்டடத்தின் அமைப்பே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. சுவரை ஒட்டிய உயர்ந்த மேடையில், சலவைக்கல் விதானத்தின் கீழ், சக்கரவர்த்திக்கு மட்டும் ஓர் ஆசனம். மற்றவர்களுக்குத் தூண்களும் தரையும். நௌபத்கானாவிலேயே அரச குடும்பத்தார் அல்லாதவர்கள் யானையிலிருந்தும் குதிரையிலிருந்தும் இறங்கிவிட வேண்டும். அதற்கப்பால் நடை, நடைக்கப்பால் நிற்றல். ஔரங்கசீப்பின் காலத்தில் தில்லியில் வசித்த பெர்னியே என்ற பிரெஞ்சு மருத்துவர், வெள்ளி அழிக்குள்ளே பிரபுக்களும் ராஜாக்களும் அயல்நாட்டுத் தூதர்களுங்கூட பார்வையைத் தாழ்த்திக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றதை விவரித்திருக்கிறார். மாகாணங்களை ஆண்டவர்களும் படைகளை நடத்தியவர்களும் அந்த மண்டபத்தில் உட்கார்ந்ததில்லை.

அப்படிப்பட்ட சபையில் ஒரு நாற்காலி எவ்வளவு பெரிய பரிசாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கக்கூட வேண்டியதில்லை. அதற்குச் சான்றே உண்டு. 1617-ல் தட்சிணத்திலிருந்து வெற்றியோடு திரும்பிய குர்ரம் என்ற இளவரசருக்கு, தந்தை ஜஹாங்கீர் ஷாஜஹான் என்ற பட்டத்தையும் அளித்து, தமது சிம்மாசனத்தின் அருகே நாற்காலியில் அமரும் உரிமையையும் அளித்தார். அந்த ஷாஜஹானே முதுமையில், 1655-ல், தம் மூத்த மகன் தாராவைத் தமக்குப் பக்கத்தில் ஒரு பொன்னாசனத்தில் உட்கார வைத்தார். அந்த ஆசனத்தைக் கண்டு மற்ற மூன்று சகோதரர்களின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை அடுத்த சில ஆண்டுகளில் நடந்த யுத்தங்களே காட்டின.

ஆனால் கோட்டையின் லாகூர் வாயிலைக் கடந்து சாந்தினி சௌக்குக்கு வந்துவிட்டால் உலகம் மாறிவிடும். அங்கே துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் தரை முழுவதும் மெத்தை விரித்து, அதன்மேல் வெள்ளை விரிப்பிட்டு, திண்டுகள் போட்டு, வியாபாரியும் வாடிக்கையாளரும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்து பேசுவது வழக்கம். இன்றும் பழைய கடைகளில் அதைக் காணலாம். யமுனைக் கரையில் வளரும் நாணலின் தண்டுகளைச் சாய்வாக நிறுத்தி, முஞ்சைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே கயிற்றுப் பின்னல் இட்டுச் செய்யும் மோடா என்ற ஆசனமும் இந்தப் பிரதேசத்தில் வழக்கமானது. அதைச் சிறு பிள்ளையும் ஒரு கையால் தூக்கிவிடலாம். வந்தவருக்கு வெயில் படாத இடத்தில் போடலாம். கனத்த சரீரத்தையும் தாங்கும். கோடையில் காற்று ஊடுருவும். மன்னருடைய தர்பார் மறுத்ததை எளிய குடும்பத்தின் முற்றம் தாராளமாக வழங்கியது என்று சொல்வது மிகையாகாது. நம் தமிழ்நாட்டு வீடுகளில் வழிப்போக்கன் யாரையும் கேளாமல் திண்ணையில் ஏறி உட்கார்ந்து, கட்டிவைத்த சாய்மானத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டானே, அந்தத் தர்மத்துக்கு இந்த மோடாவும் உறவுதான்.

1857-க்குப் பிறகு தில்லி ராஜதானி என்ற அந்தஸ்தை இழந்து, 1858 முதல் 1912 வரையில் பஞ்சாப் மாகாணத்தின் ஒரு பகுதியாகக் கிடந்தது. அந்த மாகாண நிர்வாகத்தில் குர்சி நஷீன் என்று ஒரு வகுப்பாரைக் குறித்து வைத்திருந்தார்கள். ஜில்லா அதிகாரியான டெபுடி கமிஷனர், தம் ஜில்லாவில் யார் யார் தம்மைப் பார்க்க வரும்போது நாற்காலி கொடுக்கப்படத் தக்கவர் என்று ஒரு ஜாபிதா வைத்திருப்பார். அதில் இடம்பெற்றவருக்கு, அதிகாரிகளைச் சந்திக்கும்போது இன்னாருக்கு நாற்காலி அளிக்க வேண்டியது என்று அத்தாட்சிப் பத்திரமும் வழங்கப்படும். நிலச்சுவான்தாரர்களும், சர்க்காருக்கு ஊழியம் புரிந்த குடும்பத்தாரும், கௌரவப் பதவி வகித்தவர்களும் இந்தப் பத்திரத்தைப் பெறுவதற்கு எவ்வளவோ பிரயத்தனம் செய்தார்கள். பெற்றபின் பட்டயம்போலப் பத்திரப்படுத்தினார்கள். தன் சொந்த ஊரில், தன் வரிப்பணத்தில் வாங்கிப் போட்ட நாற்காலியில் உட்காருவதற்கு ஒரு மனிதன் எழுத்து மூலமான அனுமதி பெற வேண்டியிருந்தது என்பதையும், அந்த அனுமதி இல்லாத லட்சக்கணக்கான பேர் கச்சேரியின் தாழ்வாரத்தில் குந்தியபடியோ வேப்பமரத்தடியில் நின்றபடியோ பொழுதைக் கழித்தார்கள் என்பதையும் நினைக்கும்போது, எனக்கு அந்தக் காலத்தின் பெரிய சட்டங்களைவிட இந்தச் சின்னக் காகிதமே அந்த ஆட்சியின் மனத்தை அதிகமாகக் காட்டுவதாகத் தோன்றுகிறது. மொகலாயர் எல்லோரையும் நிற்க வைத்தார்கள். அதில் ஒரு விதமான சமத்துவமாவது இருந்தது. ஆங்கிலேயரோ உட்காருவதையே ஒரு பதவியாக்கி, அயலாரிடையே அசூயையை விதைத்தார்கள்.

அவர்களுக்கே அது சில சமயம் சங்கடமாய் முடிந்ததுண்டு. 1877 ஜனவரி முதல் தேதி, விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்ய லிட்டன் பிரபு தில்லியில் கூட்டிய மகாசபையில், சுதேச மன்னர்களுள் யார் முன்னே யார் பின்னே என்ற வழக்கைத் தீர்க்க முடியாமல், அரைவட்ட வடிவில் பிரதேசவாரியாக ஆசனங்களைப் போட்டு நிலைமையைச் சமாளித்தார்கள்.

ரயில் வந்ததும் காத்திருத்தல் என்பது தர்பாரையும் கச்சேரியையும் விட்டுச் சகல ஜனங்களுக்கும் உரிய அனுபவமாயிற்று. யமுனைப் பாலத்தின் வழியே 1867-ல் தில்லிக்கு ரயில் வந்தது. பழைய தில்லி நிலையத்தின் இப்போதைய செந்நிறக் கட்டடம் 1903-ல் எழுந்தது. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, இடைவகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று பிரயாணிகளைப் பிரித்த ரயில்வே கம்பெனிகள், தங்கும் அறைகளையும் அப்படியே பிரித்தன. மேல் வகுப்பாரின் அறையில், வேண்டியபோது காலை நீட்டி வைத்துக்கொள்ளும்படி கைப்பிடிகள் முன்னே நீண்ட சாய்வு நாற்காலிகள், நிலைக்கண்ணாடி, பங்கா. ஸ்திரீகளுக்குத் தனி அறை, பர்தா அனுஷ்டிப்பவர்களுக்கு ஜனானா. மூன்றாம் வகுப்புப் பிரயாணிக்குக் கிடைத்தது பொதுக் கூடமும் அதன் தரையும். ஆகவே அவன் ஆசனத்தைக் கூடவே கொண்டுவரப் பழகிக்கொண்டான். தகரப் பெட்டி நாற்காலியாயிற்று. படுக்கைச் சுருள் சாய்மானமாயிற்று. தில்லியிலிருந்து சென்னைக்கு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் போய்வந்த கரோல்பாக் தமிழ்க் குடும்பங்களில் வயதானவர்களுக்கு அந்தப் பெட்டியின் விளிம்பு இன்றும் நினைவிருக்கும்.

காந்தியடிகள் 1917 செப்டம்பரில் ராஞ்சியிலிருந்து மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் துன்பத்தைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதியபோது, சென்னைக்கு முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் என்பதை எடுத்துக்காட்டி, அந்த வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது, பத்தில் ஒரு பங்காவது, ஏழைக்குக் கிடைக்கிறதா என்று வினவினார். மூன்றாம் வகுப்பு என்ற பெயரே 1974-ல்தான் நீங்கிற்று.

வகுப்புப் பேதத்தை நான் கண்டிக்கிறேனே தவிர, அந்த மேல் வகுப்பு அறைகளில் கிடந்த பிரம்பு நாற்காலியைக் கண்டிக்க மாட்டேன். நம் சீதோஷ்ணத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஆசனத்தை இதுவரை யாரும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. வியன்னாவில் தோனெட் என்பவர் ஆவியில் வளைத்த மரத்தால் 1859-ல் செய்த நாற்காலி, ஆறே துண்டுகளாகக் கழற்றி, ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் முப்பத்தாறு என்று அடுக்கிக் கப்பலேற்றக் கூடியதாய் இருந்தபடியால், உலகமெங்கும் பரவிற்று. அதில் உட்காரும் பகுதியும் பிரம்புப் பின்னலே. அந்தப் பின்னலை ஒருவர் போடும்போது கிட்டே இருந்து பார்த்தால் பொழுது போவதே தெரியாது. சட்டத்தின் விளிம்பைச் சுற்றித் துளைகள் இருக்கும். தண்ணீரில் ஊறிய பிரம்பு நாரை முதலில் முன்பின்னாக இழுத்து, அதன்மேல் குறுக்காக இழுத்து, மறுபடி முன்பின்னாகவும் குறுக்காகவும் கோத்து, பிறகு இரண்டு மூலைவாட்டங்களிலும் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைத்துக்கொண்டு போவார்கள். கடைசி மூலைவாட்டம் முடியும்போது சதுரங்களெல்லாம் எண்கோணத் துவாரங்களாக மாறி நிற்கும். ஈரம் உலர உலர நார் சுருங்கி, பின்னல் மத்தளத் தோல்போல் விறைத்துவிடும். வியர்வை தங்காது, சூடு ஏறாது, உட்காருபவரின் சரீரத்துக்கு ஏற்பச் சற்றே இணங்கும்.

இந்தத் தொழிலைக் கண் பார்வையற்றவர்கள் விரல்களின் ஞானத்தினாலேயே செய்தார்கள் என்பது நாம் மறக்கக் கூடாத விஷயம். தேசமெங்கும் பார்வையற்றோர் பள்ளிகளில் பிரம்புப் பின்னல் ஒரு பாடமாக இருந்தது; சர்க்கார் காரியாலயங்களில் நாற்காலி பின்னும் வேலை அவர்களுக்கென்றே குறிக்கப்பட்டிருந்தது. பைல்களை எழுதியவர்கள் உட்கார்ந்த ஆசனத்தை, அந்த எழுத்துக்களைக் காண முடியாதவர்கள் ஆண்டுதோறும் பழுது பார்த்துக் கொடுத்து ஜீவனம் செய்தார்கள். பிளாஸ்டிக் வந்தது, நுரை மெத்தை வந்தது, பிரம்பின் இடுக்குகளில் மூட்டைப்பூச்சி என்ற புகாரும் எழுந்தது. ஒவ்வொரு காரியாலயமாகப் பிரம்பைக் கைவிட்டது. அதனால் போன பிழைப்பை யாரும் கணக்கில் எழுதவில்லை.

பிரம்பின் இடத்தைப் பிடித்தது இரும்பு. அமெரிக்கத் தம்பதிகளான சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும், நம் சர்க்காரின் அழைப்பின்பேரில் இங்கே சுற்றிப் பார்த்து, 1958-ல் வடிவமைப்பைப் பற்றி ஓர் அறிக்கை அளித்தார்கள். நம் ஊர்ச் சொம்பின் வடிவை அவர்கள் அதிலே வியந்து போற்றியிருக்கிறார்கள். ஆமதாபாத்தில் 1961-ல் தேசிய வடிவமைப்பு நிலையம் தோன்றுவதற்கு அந்த அறிக்கையே வித்து. அதே தம்பதிகள் 1962-ல் சிகாகோ, வாஷிங்டன் விமான நிலையங்களுக்காக, ஒரே உத்திரத்தில் பல இருக்கைகளை வரிசையாகப் பொருத்திய ஆசனத்தை அமைத்தார்கள். ஈம்ஸ் இருக்கையில் தொங்கு மெத்தையும் கைப்பிடியும் சாய்வும் உண்டு. இப்போது தில்லியின் ஆஸ்பத்திரிகளிலும், நீதிமன்றத் தாழ்வாரங்களிலும், ரயில் நிலையங்களிலும் நாம் காணும் துளையிட்ட எஃகு மூவிருக்கை அந்த யோசனையின் வழியில் வந்ததுதான். ஆனால் உத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உபசாரத்தை விட்டுவிட்டது. கழுவ எளிது, திருட அரிது, வருஷக்கணக்கில் உழைக்கும். வாங்குபவருக்கு வேண்டிய குணங்கள் இவை. உட்காருபவருக்கோ, ஜனவரி இரவில் முதுகுத்தண்டு வரை குளிர் ஏறுகிறது. மே மாதப் பகலில் தொட முடியவில்லை.

1956-ல் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்துக்கு வடநாட்டின் கிராமங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். கூட வருகிற உறவினர்களுக்காக அருகிலேயே விச்ராம சதனங்கள் எழுந்திருந்தும், இடம் போதாமல் வெளி நடைபாதையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரவைக் கழிப்போர் பலர். 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலின் நிலையங்கள் கண்ணுக்கு அழகானவை. அங்கே தரையில் உட்காருவது அபராதத்துக்கு உரிய குற்றம். உட்கார வைத்திருக்கும் ஆசனங்களோ கூட்டத்துக்குப் போதாதவை. தரையில் உட்காரக் கூடாது என்று சொல்லும் உரிமை, வேறோர் இடம் கொடுத்த பிறகே ஒருவருக்கு வரும் என்பது என் அபிப்பிராயம்.

தில்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கூடத்தில், எழுபது வயதுக்கு மேற்பட்ட மூதாட்டி ஒருவர் தம் முறை வந்து பெயர் கூப்பிடப்பட்டதும், கைப்பிடி இல்லாத தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுந்திருக்க மாட்டாமல், ஊன்றிக்கொள்ள ஏதுமின்றி, அருகிலிருந்த அந்நியரின் தோளைப் பற்றியதைக் கண்டேன். அவர் நிமிர்ந்து நிற்பதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பதினெட்டு அங்குலத்துக்குக் குறையாத உயரமும், உறுதியான இரண்டு கைப்பிடிகளும், முதுகு முழுவதையும் தாங்கும் சாய்வும் இருந்திருந்தால் அந்த அம்மாள் தாமாகவே எழுந்து போயிருப்பார். எல்லா இருக்கைகளும் ஒரே விதமாயிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. குள்ளமானவருக்கும் குழந்தைக்கும் தாழ்ந்தவை சில, முழங்கால் நோயாளிக்கு உயர்ந்தவை சில, சக்கர நாற்காலி வந்து நிற்க இடைவெளி சில, படுத்தாக வேண்டியவருக்குக் கைப்பிடி குறுக்கிடாத நீண்ட பலகை ஒன்று என்று கலந்து போடுவதற்கு அதிகச் செலவு ஆகாது.

தில்லியில் மருத்துவமனைகளிலும் அமைச்சகங்களிலும் நீதிமன்றங்களிலும் பொறுப்பான பதவி வகிக்கும் தமிழர்கள் அநேகர் இருக்கிறீர்கள். இருக்கைக் கொள்முதல் பற்றிய கோப்பு அடுத்த முறை உங்கள் மேஜைக்கு வரும்போது, விலையையும் உழைப்பையும் மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல், உயரம், கைப்பிடி, சாய்வு ஆகிய மூன்றையும் நிபந்தனைகளில் சேர்த்து எழுதுங்கள். கூடுமானால் அதிகாரிகளின் அறைகளுக்காவது பிரம்புப் பின்னலைக் கேளுங்கள், அதைப் பின்னத் தெரிந்த பார்வையற்றோர் நிறுவனங்களிடமே கொடுங்கள். மாதிரி நாற்காலி வந்ததும், அன்றைய வரிசையில் காத்திருக்கும் முதியவர் ஒருவரை உட்காரச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதன்பின் கையொப்பம் இடுங்கள்.