கொச்சி - பெங்களூர் எரிவளிக் குழாய்த்தடம் (தமிழ்நாட்டுப் பகுதி)

கொச்சி - கூட்டநாடு - பெங்களூர் - மங்களூர் எரிவளிக் குழாய்த்தடம் என்பது, கொச்சி முனையத்தில் கப்பல் வழி வந்திறங்கும் இயற்கை எரிவளியை (எரிவாயுவை) கேரளம், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மாநிலங்களுக்கு நிலத்தடிக் குழாய் வழியே கொண்டுசெல்ல, நடுவண் அரசு நிறுவனமான கெயில் வகுத்த திட்டமாகும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருட்டிணகிரி ஆகிய ஏழு தமிழக மாவட்டங்களில் இத்தடம் ஏறத்தாழ 310 கிலோமீட்டர் நீளத்திற்குத் திட்டமிடப்பட்டது. அது விளைநிலங்களின் ஊடே வகுக்கப்பட்டதால் உழவர்கள் எதிர்த்தனர்.

பயன்பாட்டு உரிமை

இத்தகைய குழாய்கள் 1962 ஆம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய்த்தடச் சட்டத்தின்கீழ் பதிக்கப்படுகின்றன. இது நிலத்தைக் கையகப்படுத்தும் சட்டம் அன்று. பட்டா உழவர் பெயரிலேயே இருக்கும்; நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே நிறுவனத்தைச் சேரும். அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள் உழவர் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். இழப்பீடு, அறிவிக்கை நாளன்று நிலத்திற்கு இருந்த சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. பயிர், மரங்களின் சேதத்திற்குத் தனியே ஈடு உண்டு. குடியிருப்பு நிலத்தின் அடியில் குழாய் பதிக்கக்கூடாது.

சிக்கல் அதன் பின்னரே தொடங்குகிறது. தடத்தின்மேல் கட்டடம் எழுப்புதல், கிணறு தோண்டுதல், மரம் நடுதல் ஆகியவற்றைச் சட்டம் தடுக்கிறது. குறும்பயிர்கள் இடலாம். தடத்தின் அகலம் 20 மீட்டர். இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தின் பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர்தான். அதன் குறுக்கே தடம் சென்றால் 31 சென்ட் நிலத்தில் தென்னையும் வைக்க முடியாது, கிணறும் வெட்ட முடியாது. கிணற்றுப் பாசனத்தையும் தென்னையையும் நம்பிய கொங்குப் பகுதியில் இதனை வெறும் 'பயன்பாட்டு உரிமை' என்று கருதுவது கடினம்.

மாற்று வழியும் வழக்கும்

குழாயை நெடுஞ்சாலையோரமாகக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே உழவர்களின் கோரிக்கை. தமிழக அரசும் 2013 இல் அவ்வாறே கெயிலைக் கேட்டுக்கொண்டது. சாலையோரங்களில் குடியிருப்புகள் மிகுதி, சாலை விரிவாக்கத்தின்போது குழாய் இடையூறாகும் என்பன இவ்வழிக்கு எதிரான பொறியியல் காரணங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2013 நவம்பரில் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தமிழக அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2016 பெப்ரவரி 2 அன்று தள்ளுபடி செய்தது.

இதற்கிடையே 2014 சூன் 27 அன்று ஆந்திராவில், அப்போது கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் இருந்த நகரம் என்னும் ஊரில் கெயில் குழாய் ஒன்று வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் பாதுகாப்பு பற்றிய அச்சமும் எதிர்ப்பில் முதன்மை பெற்றது.

கேரளத்தில்

கேரளத்திலும் எதிர்ப்பு எழுந்தது. 2017 நவம்பரில் கோழிக்கோடு மாவட்டத்தின் முக்கம் பகுதியில் காவல்துறையுடன் மோதல் ஏற்பட்டது. அதையடுத்து அம்மாநில அரசு இழப்பீட்டை உயர்த்தியது. 10 சென்ட்டும் அதற்குக் குறைவாகவும் நிலமுள்ளோருக்குத் தடத்தின் அகலம் 2 மீட்டராகக் குறைக்கப்பட்டது. மீதி இடத்தில் அவர்கள் வீடு கட்டிக்கொள்ளலாம். கொச்சி - மங்களூர் பகுதி (450 கி.மீ.) 2021 சனவரி 5 அன்று திறந்து வைக்கப்பட்டது.