வில்லின் முதுகு

சரித்திரம் என்றால் கோட்டை கொத்தளங்கள்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கடையநல்லூரில் ஓர் ஆசாரியின் பட்டறையில் அரைநாள் உட்கார்ந்த பிறகு அந்த அபிப்பிராயம் மாறிவிட்டது.

அங்கே ஒரு பழைய வில்லுப்பாட்டு வில் கிடந்தது. பனை வைரத்தில் செய்தது; ஆள் உயரத்துக்கும் அதிகம். அதன் சொந்தக்காரரான புலவருக்கு அது தகப்பனார் வழி வந்தது. சுடலைமாடன் கோயில் கொடைக்குப் பத்து நாள் இருக்கையில், முதுகில் சிராய் கிளம்பி வெடிப்புக் கண்டுவிட்டது. "அபசகுனம். இரும்பிலே புதுசாச் செஞ்சிக்கிடும்" என்று ஊரில் சிலர் சொல்லிவிட்டார்களாம். மனிதர் கலங்கிப்போயிருந்தார்.

ஆசாரி விரலால் தடவிப் பார்த்தார். "முறியலை தம்பி, மேலாப்பிலேதான் கிளம்பியிருக்கு. முதுகுக்கு ஒரு தோலைப் போட்டுட்டா இன்னும் எத்தனையோ கொடை பாடும்."

வில்லுக்கு வயிறு உண்டு, முதுகும் உண்டு. நாணேற்றி வளைக்கும்போது வயிற்றுப்பக்கம் அமுங்குகிறது, முதுகுப்பக்கம் இழுபடுகிறது. முறிவு பெரும்பாலும் முதுகில்தான் தொடங்கும். பழைய வில்லாளிகள் இதை அறிந்திருந்தார்கள். துருக்கரும் மொகலாயரும் மரத்தின் வயிற்றில் கொம்பையும் முதுகில் மிருகங்களின் தசைநாரையும் ஒட்டினார்கள். இங்கிலீஷ்காரர் யூ மரத்தின் வெளிப்புற வெண்மரம் முதுகாகவும், உள்வைரம் வயிறாகவும் அமையும்படி ஒரே கட்டையில் செதுக்கினார்கள். 1545-இல் மூழ்கி, 1982-இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலின் சிதைவிலிருந்து அத்தகைய விற்கள் நூற்றுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. நம் பனையிலோ வைரம் வெளிப்புறத்தில். உள்ளே வெறும் சோறு.

ஆசாரி நாணை அவிழ்த்தார். சிராய்க்கு அடியில் வச்சிரம் காய்ச்சி விட்டார். ஊறவைத்த பதனிடாத தோலை முதுகு நெடுக இழுத்து ஒட்டி, தறிக்காரர் வீட்டுப் பாவுநூலால் நெருக்கிச் சுற்றினார். உலர உலரத் தோல் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளுமாம். நாலு நாள் நாணேற்றக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

பிறகு பேச்சு பாளையக்காரர்கள் பக்கம் திரும்பியது. வடக்கே இருக்கும் வாசுதேவநல்லூர்க் கோட்டை 1767-இல் கும்பினிப் படையிடம் விழுந்தது. 1801-இல் யுத்தம் ஓய்ந்ததும் பாளையங்களின் கோட்டைகளை இடித்து, ஜனங்களின் ஆயுதங்களையும் பறித்தார்கள். போர்வில்லை இன்று பொருட்காட்சிசாலைக் கண்ணாடிக்குள் தேட வேண்டியிருக்கிறது. குடத்தின்மேல் சாய்ந்த வில் மட்டும் திருநெல்வேலிச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் கோயில் முற்றங்களில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. யாரையும் கொல்லாததால் பிழைத்தது போலும்! பிழைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெடிப்புக் கண்டபோதெல்லாம் அதை எறிந்துவிடாமல் தோல் போட்டுக் கட்டிய கைகள் இருந்தன.

கொடை இரவன்று நானும் போயிருந்தேன். புலவர் முகத்தில் இன்னும் பயம் தெளியவில்லை. வீசுகோல் நாணில் விழுந்தது, மணிகள் குலுங்கின, குடம் முழங்கியது. கூட்டம் புலவரையே பார்த்துக்கொண்டிருந்தது. குடத்தின்மேல் அழுந்திக் கிடந்த முதுகை விட்டுக் கண்ணை எடுக்காதவர்கள் இரண்டே பேர்: ஆசாரியும் நானும்.