அந்த முட்டை யாருடையது?

முதலில் ஒரு தபால் தலை. 2005 பிப்ரவரியில் தென் கொரியா வெளியிட்டது. சக்கர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மெல்ல எழுகிறார், துள்ளிக் குதிக்கிறார், கடைசியில் அன்பானவரைக் கட்டிக்கொள்கிறார். அத்தனையும் ஒரே தபால் தலையில்! கூடவே ஒரு கருமுட்டையின் படம். அதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மரியாதை யாருடைய சாதனைக்குத் தெரியுமா? ஹ்வாங் வூ-சுக். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கால்நடை மருத்துவம் படித்து, சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர். மனிதக் கருவை க்ளோனிங் செய்து அதிலிருந்து ஸ்டெம் செல் எடுத்துவிட்டதாக 2004-ல் 'சயின்ஸ்' இதழில் அறிவித்தார். உலகமே அசந்து போனது. அடுத்த வருஷம் இன்னொரு வெடி: நோயாளிகளுக்கென்றே தனித்தனியாக 11 ஸ்டெம் செல் வரிசைகள்! அரசாங்கம் அவருக்கு 'உன்னத விஞ்ஞானி' பட்டம் கொடுத்தது. கொரியன் ஏர் நிறுவனம் பத்து வருஷத்துக்கு இலவச விமானப் பயணம் கொடுத்தது.

ஸ்டெம் செல் என்பது உடம்பின் எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய மூல செல். அதை ஹ்வாங் சொன்ன வழியில் உண்டாக்க, ஒரு பெண்ணின் கருமுட்டை வேண்டும். அதன் நியூக்ளியஸை உறிஞ்சி எடுத்துவிட்டு, நோயாளியின் தோல் செல்லிலிருந்து எடுத்த நியூக்ளியஸை உள்ளே வைக்க வேண்டும். பெரும்பாலும் தோற்கும். 2004 கட்டுரையின் கணக்குப்படியே 242 முட்டைகளுக்கு ஒரே ஒரு செல் வரிசைதான்.

242 முட்டை எங்கிருந்து வந்தது?

அப்போது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஸ்டெம் செல் என்றாலே ஒரே சண்டை. சில நாள் வயதான கரு, உயிரா இல்லையா? அதை அழிப்பது கொலையா? பாதிரியார்கள், ஜனாதிபதிகள் எல்லோரும் பேசினார்கள். முட்டை கொடுத்த பெண்ணைப் பற்றிப் பேசியவர்கள் கொஞ்சம் பேர்தான். சாதாரணமாக மாதம் ஒரு முட்டை முதிரும். ஒரேயடியாகப் பல முட்டைகள் வேண்டுமென்றால், பல நாள் ஹார்மோன் ஊசி. அப்புறம் மயக்கம் கொடுத்து ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டும். சிலருக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். அபூர்வமாக உயிருக்கே ஆபத்தாகும்.

மனமுவந்து, காசு வாங்காமல் பெண்கள் கொடுத்தார்கள் என்றார் ஹ்வாங். 2005 நவம்பரில் எம்.பி.சி. தொலைக்காட்சியின் 'பி.டி. நோட்புக்' நிகழ்ச்சி அந்தக் கதையைக் கிழித்தது. சில பெண்களுக்குப் பணம் போயிருக்கிறது. கொடுத்தவர்களில் இரண்டு பேர் ஹ்வாங்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த இளம் பெண்கள்! இரண்டே நாளில் ஹ்வாங் ஒப்புக்கொண்டு பதவிகளிலிருந்து விலகினார்.

மக்கள் யார் மேல் கோபப்பட்டார்கள் என்கிறீர்கள்? தொலைக்காட்சி மேல்! விளம்பரதாரர்கள் ஓடிப்போனார்கள். 'எங்கள் முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று நூற்றுக்கணக்கான பெண்கள் பெயர் கொடுத்தார்கள். தேசபக்தி!

ஆனால், இழுத்த நூல் நிற்கவில்லை. ஒரே செல்லின் புகைப்படத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டிருப்பதை இளம் கொரிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். 2006 ஜனவரியில் பல்கலைக்கழகம் தீர்ப்புச் சொன்னது: இரண்டு கட்டுரைகளிலும் தில்லுமுல்லு. 11 வரிசைகளில் ஒன்றுகூட நிஜமில்லை. 'ஸ்னப்பி' என்ற க்ளோனிங் நாய்க்குட்டி மட்டும் அசல். செலவான கருமுட்டைகள்? இரண்டாயிரத்துக்கும் மேல். நூற்றுக்கும் அதிகமான பெண்கள் கொடுத்தவை. கட்டுரையில் சொன்ன கணக்கு எங்கே, இது எங்கே!

விசாரணையில் வெளிவந்த ஒரு விஷயம்தான் என்னை உறுத்துகிறது. 2003-ல் ஆய்வுக்கூடப் பெண்களிடம் முட்டை தானத்துக்கான ஒப்புதல் படிவம் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். உங்கள் படிப்பு, வேலை எல்லாம் ஒருவர் கையில். நாடே கும்பிடும் மனிதர். அவர் இடத்திலிருந்து வரும் காகிதத்தில் 'மாட்டேன்' என்று எழுத எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? தன்னை நம்பிப் பிழைப்பவரை ஆராய்ச்சிக்கு உட்படுத்தும்போது சம்மதத்தைச் சந்தேகி என்று 1975-லேயே, திருத்தப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனம் எச்சரித்தது. படிவத்தில் கையெழுத்து இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

2006-ல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, முட்டையே இல்லாமல் எலியின் சாதாரண செல்லை ஸ்டெம் செல் போல மாற்றிக் காட்டினார். அடுத்த வருஷம் மனித செல்லிலும். 2012-ல் நோபல் பரிசு. ஹ்வாங்குக்கு 2009-ல் தண்டனை விதித்தது நீதிமன்றம். ஆராய்ச்சிப் பணத்தைக் கையாடியதற்கும், உயிரியல் அறச் சட்டத்தை மீறியதற்கும். சிறைக்குப் போகாமல் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

தபால் தலை விற்பனையையும் நிறுத்திவிட்டார்கள். சேகரிப்பவர்களிடம் இன்னும் இருக்கும். எங்காவது கிடைத்தால் உற்றுப் பாருங்கள். எழுந்து குதிக்கிறவர் இருக்கிறார், கட்டிக்கொள்கிறவர் இருக்கிறார், முட்டைகூட இருக்கிறது.

அதைக் கொடுத்தவளைத்தான் காணோம்.