கிணற்றுமேட்டு நிழல்

சிங்காநல்லூரில் எங்கள் தோட்டத்துக் கிணறு இரு குடும்பங்களுக்குப் பொதுவாக இருந்தது. பகலின் முற்பாதியில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கும் உரிமை எங்களுடையது. பிற்பாதி பங்காளி வீட்டாருடையது. முறை மாறும் வேளையை அறியக் கடிகாரம் எதுவும் வைத்திருக்கவில்லை. கிணற்றுமேட்டில் ஒரு கல்தூண் நின்றது. அதன் அடியிலிருந்து வடக்கும் தெற்குமாகத் தரைக்கல்லில் நேர்கோடு ஒன்று வெட்டியிருந்தார்கள். தூணின் நிழல் அக்கோட்டின்மேல் வந்து படிந்தால் எங்கள் மாடுகளை அவிழ்த்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது இதில் ஒரு வழக்கு எழுந்தது. ஊரில் பஞ்சாலைகள் பெருகிவிட்ட காலம் அது. பன்னிரண்டு மணிச் சங்கு ஒலித்ததும் பங்காளி வீட்டுப் பெரியவர் வந்து நின்று, "சங்கு ஊதிப் போச்சுங்ணா, மாட்டை அவுத்து உடுங்க" என்பார். "நெழலு இன்னும் கோட்டுக்கு வரல்லியே, தம்பி" என்பார் எங்கள் அப்பாரு. சங்குக்கும் நிழலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு நாழிகை நேரம் இருந்தது. கோடையில் ஒரு நாழிகைத் தண்ணீர் இழப்பது சிறிய இழப்பன்று. ஆலைச் சங்கு பொய் சொல்கிறது என்று ஒருவர் கூறினார். கோடு கோணலாக வெட்டப்பட்டது என்று மற்றவர் கூறினார். கல்லூரியில் நில உலகப் படத்தை விரித்துக் கணக்கிட்ட பின்னரே இரண்டும் பிழை என்று எனக்கு விளங்கிற்று.

பூமி தன் அச்சில் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஞாயிற்றை நோக்கிய பக்கம் பகலாகவும், மறுபக்கம் இரவாகவும் அமைகின்றன. ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆகும். ஆதலின் கிழக்கே உள்ள ஊருக்கு நண்பகல் முந்தியும், மேற்கே உள்ள ஊருக்குப் பிந்தியும் வரும். ஒவ்வோர் ஊரும் தன் நிழலையே நம்பி வாழ்ந்தவரை இதனால் தொல்லை இல்லை. புகைவண்டி வந்த பிறகு பொதுவான நேரம் தேவைப்பட்டது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த சென்னை வானாய்வுக்கூடத்தின் கணக்கைக் கொண்ட சென்னை நேரத்தைப் புகைவண்டிகள் பின்பற்றின. 1906இல், கிழக்குத் தீர்க்கரேகை எண்பத்திரண்டரைப் பாகையை அடிப்படையாகக் கொண்டு இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. சிங்காநல்லூரோ ஏறத்தாழ 77 பாகையில் இருக்கிறது. இடையேயுள்ள ஐந்தரைப் பாகைக்கு 22 நிமிடம்! அப்பாருவும் பங்காளியும் வாதாடியது இந்த 22 நிமிடத்துக்காகத்தான். பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும், அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் இந்த வேறுபாடும் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இராது. மாசித் தொடக்கத்தில் அது அரை மணிக்கு மேல் விரியும். ஐப்பசி நடுவில் ஐந்தாறு நிமிடமாகச் சுருங்கும்.

பூமி சுழல்கிறது என்னும் கருத்து நம் நாட்டுக்குப் புதிதன்று. 499ஆம் ஆண்டை ஒட்டி ஆரியபடர் அதனை எழுதினார். ஓடும் படகில் இருப்பவனுக்குக் கரையிலுள்ள பொருள்கள் பின்னோக்கிச் செல்வதுபோல் தோன்றுவதை அவர் உவமையாக்கினார். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரமகுப்தர் இதை ஏற்கவில்லை. பூமி சுழன்றால் உயர்ந்த பொருள்கள் ஏன் விழவில்லை என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சிங்காநல்லூர் மண் மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் கிழக்கே ஓடுகிறது. நாமும் காற்றும் கிணறும் உடன் ஓடுவதால் உணர்வதில்லை. 1851இல் பாரிசு நகரில் பூக்கோ என்னும் அறிஞர் நீண்ட ஊசலொன்றைத் தொங்கவிட்டு, அதன் ஆட்டத் தளம் மெல்லத் திரும்புவதை மக்கள் காணும்படி செய்தார்.

இனி நிழலின் நீளத்தைப் பாருங்கள். அச்சு இருபத்துமூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதால், பத்து அடித் தூணின் நண்பகல் நிழல் மார்கழியில் வடக்கே ஏறத்தாழ 7 அடி நீளும். ஜூன் பிற்பகுதியில் தெற்கே 2 அடிக்குச் சற்று மேல் விழும். நம் ஊரின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ பன்னிரண்டே முக்கால் மணி நேரம். மிகக் குறுகியது பதினொன்றரை. இரண்டுக்கும் இடையே ஆண்டுக்கு இரு நாள், ஏப்ரல் 18, 19ஐ ஒட்டியும் ஆகஸ்டு 24ஐ ஒட்டியும், நண்பகலில் நிழலே விழாது. அந்நாட்களில் எங்கள் கோடு வெறுமையாகக் கிடக்கும். முறை மாற்றத்தைக் கண்மதிப்பில் செய்துகொள்வார்கள்.

நம் முன்னோர் இந்நாளை நன்கு அறிந்திருந்தனர். கட்டடம் எடுக்குமுன் இரு கோல் நட்டு, நிழல் சாயாத வேளை பார்த்துத் திசை குறித்ததை நெடுநல்வாடை கூறுகிறது. அதற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், அவ்வேளையைச் சித்திரைத் திங்களின் நடுப் பத்து நாட்களுள் வைக்கிறார். இன்றோ நம் ஊரில் சித்திரை ஐந்தாம் நாளை ஒட்டியே நிழல் மறைந்துவிடுகிறது. உரையாசிரியர் பிழைபட்டாரா? இல்லை. இங்குதான் பூமியின் மூன்றாவது அசைவு வெளிப்படுகிறது.

சுழற்சியால் பூமி நடுவில் சற்றுப் புடைத்திருக்கிறது. அப்புடைப்பை ஞாயிறும் திங்களும் இழுப்பதால், அச்சு ஓயும் பம்பரம்போல் மெல்ல வட்டமிடுகிறது. ஒரு வட்டத்துக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டுகள். நம் மாதங்கள் விண்மீன்களைக் கொண்டு கணக்கிடப்படுவன. நிழலோ அச்சின் சாய்வைப் பின்பற்றுவது. ஆகவே ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நிழலற்ற நாள் மாதத்தில் முன்னே நகர்கிறது. நச்சினார்க்கினியர் வாழ்ந்த பதினான்காம் நூற்றாண்டிலிருந்து எண்ணினால் ஒன்பது நாள். அன்று அது சித்திரை பதினான்கை ஒட்டி நிகழ்ந்திருக்கும். அவர் கூற்றுச் சரியே. தை முதல் நாளை உத்தராயணம் என்று கொண்டாடுகிறோம். ஞாயிறு வடக்கே திரும்புவதோ டிசம்பர் 21, 22லேயே நிகழ்ந்துவிடுகிறது. அதற்கும் காரணம் இதுவே.

கிணற்று வழக்கை ஊர்ப் பெரியவர்கள் நிழலின் பக்கமே தீர்த்தார்கள். சில ஆண்டுகளில் மின்பொறி வந்தது. முறையும் கடிகாரத்துக்கு மாறிற்று. இன்று அந்தத் தோட்டம் வீடுகளாகிவிட்டது. கோடு வெட்டிய கல் எங்கள் வீட்டுப் பின்கட்டில் துணி துவைக்கக் கிடக்கிறது. கோடு அழியவில்லை, ஆனால் அது இப்போது கிழக்கு மேற்காகக் கிடக்கிறது.