வறுமை ஒழிப்புக் கொள்கையும் வளர்ப்புப் பராமரிப்பும் (அமெரிக்கா)

பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளை அரசின் பொறுப்பில் உறவினர் வீட்டிலோ பிறர் வீட்டிலோ வளர்ப்பது வளர்ப்புப் பராமரிப்பு எனப்படும். அமெரிக்காவில் 2022இல் ஏறத்தாழ 3,68,000 குழந்தைகள் இவ்வாறு வளர்ந்தனர். அடியும் பாலியல் கொடுமையுமே பிரிவுக்குக் காரணம் என்று பொதுவாக நினைக்கிறார்கள். ஆனால் பாதிக்கும் மேற்பட்ட வழக்குகளில் பதிவாகும் காரணம் 'கவனிப்பின்மை'.

புகார் வந்தால் விசாரணைக்கு வரும் குழந்தை நலத்துறைப் பணியாளர் ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார். பிள்ளைகள் படுக்க இடமிருக்கிறதா, மின்சாரம் இருக்கிறதா என்று கவனிப்பார். ஆள் வைக்கக் காசில்லாத தாய், கைக்குழந்தையைப் பத்து வயது அக்காவிடம் விட்டுவிட்டு இரவு வேலைக்குப் போயிருந்தால் அதுவும் குறிப்பில் ஏறும். இவற்றில் பல, கையில் பணமிருந்தால் எழவே எழாத குற்றச்சாட்டுகள்.

ஏழைத் தாய்மார்களுக்கு 1935 முதல் கிடைத்துவந்த கூட்டரசு உதவித்தொகையை 1996ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியது. வேலை கட்டாயமானது, கூட்டரசு நிதியிலிருந்து உதவி பெறுவதற்கு வாழ்நாளில் 60 மாதம் என்று பொதுவான வரம்பும் வந்தது. விதிகளை இறுக்கிய மாநிலங்களில் வளர்ப்புப் பராமரிப்புக்குச் செல்லும் குழந்தைகள் கூடியதாக டோனா கின்தர், மிஷெல் ஜான்சன்-மோட்டோயாமா ஆகியோரின் ஆய்வுகள் காட்டின.

விஸ்கான்சினில் கிடைத்த சான்று இன்னும் அழுத்தமானது. உதவித்தொகை பெறும் தாய்மாரின் குழந்தைகளுக்காகத் தந்தை கட்டும் ஜீவனாம்சத்தில் ஒரு பகுதியை அரசு எடுத்துக்கொள்வது வழக்கம். அங்கே குலுக்கல் முறையில் ஒரு பிரிவுத் தாய்மாருக்கு முழுத்தொகையும் தரப்பட்டது. அவர்கள் மீது விசாரணைக்கு எடுக்கப்பட்ட புகார்கள் சுமார் 10 விழுக்காடு குறைவு என்று மரியா கான்சியன் குழுவினர் கண்டனர். கூடுதலாகக் கிடைத்த தொகையோ சிறியது.

பணம் தந்தால் வறுமை குறைவதை நாடு முழுவதும் காண முடிந்தது. 2021இல் விரிவாக்கப்பட்ட குழந்தை வரிச்சலுகை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு 3,600 டாலர்வரை தந்தது. குழந்தை வறுமை 5.2 விழுக்காடாக இறங்கியது. அந்த விரிவாக்கம் முடிந்த மறுஆண்டே 12.4 ஆக ஏறியது.

குழந்தையை வேறு வீட்டில் விட்டால், அந்த வீட்டுக்கு மாதந்தோறும் பராமரிப்புத் தொகை உண்டு. பெற்ற தாய்க்கு அது கிடையாது. வளர்ப்புப் பராமரிப்புக் கொள்கையின் ஆகப்பெரிய அநியாயம் இதுவே. பிரிவைத் தடுப்பதற்கென 2018இல் வந்த சட்டமும் மனநல உதவி, போதை மீட்புச் சிகிச்சை, பெற்றோர் பயிற்சி ஆகியவற்றுக்கே பெரும்பாலும் பணம் ஒதுக்குகிறது. வாடகை பாக்கியை அடைக்க அதில் வழியில்லை.