தன்னோட சைக்கிளா, அவனோட சைக்கிளா?

போன ஞாயிற்றுக்கிழமை என் பையன் சத்தியவேட்டில் இருக்கும் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். "பாட்டி, ரவி கார்த்திக் கிட்ட அவனோட சைக்கிளைக் குடுத்தான்." அம்மா விடவில்லை. "தன்னோட சைக்கிளையா, அவனோட சைக்கிளையாடா?" பையன் முழித்தான். அவன் நினைப்பது ஆங்கிலத்தில். அதில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

வங்கியில் கடன் பத்திரம் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். "முருகன் கண்ணனுக்குத் தன் வீட்டை எழுதிக் கொடுத்தான்" என்றால் வீடு முருகனுடையது. "அவன் வீட்டை" என்று எழுதினால் வக்கீலுக்கு வேலை!

என்னோடு கனடாவில் வேலை பார்க்கும் செர்பியாக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர்கள் மொழியிலும் இதற்குத் தனிச்சொல் உண்டாம், 'ஸ்வோய்'. ஆனால் 'நான்', 'நீ' என்று எல்லாருக்கும் அதுவே வரும். நம் 'தன்' படர்க்கைக்கு மட்டும். ஆனால் அவனா, அவளா, அதுவா என்று பார்க்காது. நாயும் தன் வாலைத்தான் ஆட்டும்.

எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரா பிரிந்தபோது சத்தியவேடு சென்னை மாநிலத்தில், செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. பட்டாஸ்கர் தீர்ப்பை ஒட்டி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, நாங்கள் அந்தப் பக்கம் போனோம். "நான் வீடு மாத்தலை, மாநிலம்தான் மாறிச்சு" என்பார் அப்பா. 2022இல் மாவட்டமும் சித்தூரிலிருந்து திருப்பதி ஆனது.

பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ். ஆனால் இந்தச் சொல்லுக்கு மட்டும் எல்லை கிடையாது. நாம் 'தன் வீடு' என்பதைத் தெலுங்கில் 'தன இல்லு' என்பார்கள். நாம் 'சமைத்துக்கொண்டான்' என்றால் அங்கே 'வண்டுகுன்னாடு'. நம் 'கொள்' அங்கே 'கொனு'.

தெலுங்கு சமஸ்கிருதத்திலிருந்து பிறந்ததல்ல, தமிழுக்கு உறவுமொழி என்று 1816இலேயே எழுதியவர் சென்னை கலெக்டர் எல்லிஸ். 1856இல் கால்டுவெல் 'தான்' உட்பட மூவிடப் பெயர்களை எல்லாம் ஒப்பிட்டுக் காட்டினார். இவர்கள் புத்தகம் எழுதிச் சொன்னதை எங்கள் ஊர் சந்தையில் தினமும் கேட்கலாம்.

1960இல் கோடு மாறியும் போகாத சொல், இங்கே ஒரே தலைமுறையில் என் வீட்டிலிருந்து போய்விடும் போலிருக்கிறது. இப்போது சாப்பாட்டு மேஜையில் அம்மாவின் கேள்வியை நான் கேட்கிறேன். உங்கள் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள்.

சைக்கிள் யாருடையது என்கிறீர்களா? ரவியுடையதுதான்.