காண்பதும் எழுதுவதும்

'மழைக்காலம்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் பத்து வசனம் எழுதுமாறு மாணவரைப் பணிப்பது நம் வகுப்பறைகளில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். அவர்களும் கார்முகில், தோகைமயில், மின்னற்கொடி என மனனம் செய்த சொற்களை அடுக்கித் தருவர். முற்றத்தில் பெய்த மழையோ அக்கட்டுரையிற் பெய்வதில்லை. வருணித்து எழுதக் கற்பிப்பதற்கு எக்கற்பித்தற் சாதனம் துணையாகும் என்னும் வினாவின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

மொராவியாவிற் பிறந்த கல்வியறிஞர் கொமேனியசு 1658இல் நூரென்பேர்க் நகரிலே சித்திரப் பாடநூலொன்றை வெளியிட்டார். சொல்லும் பொருளும் ஒருங்கே மாணவன் முன் நிற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் நாட்டிலோ, 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், தம் பாலபாடங்களால் தெளிந்த வசனநடைக்கு மாதிரி வகுத்தார். பொருளைக் காட்டல் ஒரு வழி. நன்னடையைக் காட்டல் மற்றொரு வழி. பின்னர் வானொலி, திரைப்படம், கணினி எனச் சாதனங்கள் பெருகின.

இவ்வழிகளுட் சிறந்தது யாது? அமெரிக்க ஆய்வாளர் ஜோர்ஜ் ஹிலொக்ஸ் மாணவர் கையிற் கடற்சிப்பிகளைக் கொடுத்தார். ஒருவன் எழுதிய வருணனையைப் படித்து மற்றவன் அச்சிப்பியைக் குவியலிலிருந்து இனங்காண வேண்டும். முந்தைய பரிசோதனைகள் பலவற்றை ஒப்புநோக்கி அவர் 1986இல் வெளியிட்ட முடிவு இது: தனி இலக்கணப் பயிற்சியினும், மாதிரிகளைப் படித்தலினும், பொருளை அவதானித்து ஆராய்ந்து எழுதுதலே மிக்க பயன் தந்தது. 2007இல் கிரகாமும் பெரினும் வெளியிட்ட ஆய்வும் அவதானித்து எழுதுதலின் பயனை ஏற்றது. கணினியில் எழுதித் திருத்துதலும் நற்பயன் தரும் என்றது.

இனி, கிளிநொச்சி மாவட்டத்து அக்கராயனை எண்ணுங்கள். 2008இல் போர் நெருங்கியபோது மக்கள் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். போர் முடிந்தபின் மீண்டனர். அதன்பின் பிறந்த சிறுவருக்குப் பழைய ஊர் முதியோர் சொல்லில் மட்டுமே உண்டு. எழுதப்படாதது அவர்களோடு மறையும்.

அச்சிறுவருக்குக் கணினி கிடைப்பது நன்றே. ஆயினும் குளக்கட்டும், துருசும், மாரியில் வான் பாயும் நீரும் அவர்கள் கண்முன் இருக்கின்றன. குளக்கட்டு மரங்களுள் ஒன்றை ஒரு சிறுவன் வருணிக்கட்டும். அதனைப் படித்து மற்றவன் அம்மரத்தைத் தேடட்டும். தேடியவன் தவறினால், எழுதியவன் மீண்டும் சென்று பார்க்கட்டும். இன்று மரத்தைக் கூர்ந்து நோக்கி எழுதப் பழகியவன், நாளை பாட்டியின் அருகமர்ந்து, அவர் கண்ட ஊரையும் கேட்டு எழுதுவான்.